இரணைமடு மழைக்கு எத்தனை கணினி?

2018 டிசம்பர் 21 இரவு கொட்டிய மழை கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளக்காடாக்கியது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற சர்ச்சை வெள்ளம் வடிந்த பின்னும் வடியவில்லை.

குளத்துக்கு எந்நேரம் எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொல்ல, மழை எங்கே விழும் என்று தெரிய வேண்டும். உலகம் முழுவதற்கும் இலவசமாகக் கிடைக்கும் அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் முன்னறிவிப்புத் தரவு, பூமியை 0.25 பாகைக் கட்டங்களாகப் பிரிக்கிறது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அடங்கும் வன்னியில் அப்படியொரு கட்டம் ஏறத்தாழ 760 சதுர கிலோமீற்றர். வவுனியா மாவட்டத்தில் தொடங்கும் கனகராயன் ஆறு இரணைமடுவுக்கு நீர் திரட்டும் ஏந்துபரப்போ 588 சதுர கிலோமீற்றர்தான். அந்தப் பரப்பு முழுவதன் மழையும் ஒருசில எண்களுக்குள் அடங்கிவிடுகிறது!

கட்டத்தைச் சிறிதாக்கத்தான் டபிள்யூஆர்எஃப் என்ற வானிலை மாதிரி. அமெரிக்காவின் பௌல்டர் நகரிலுள்ள தேசிய வளிமண்டல ஆய்வு மையம் பிற நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கியது. யாரும் இலவசமாக இறக்கலாம். இலங்கை வளிமண்டலவியல் திணைக்களமும் இதைப் பயன்படுத்துகிறது.

வன்னியைச் சுற்றி 180 கிலோமீற்றர்ச் சதுரம் ஒன்றை 3 கிலோமீற்றர்க் கட்டங்களாக வெட்டினால் 3,600 கட்டங்கள். மேல்நோக்கி 40 அடுக்குகள் வைத்தால் 1,44,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் காற்று, வெப்பம், ஈரப்பதம் எல்லாவற்றையும் 18 செக்கனுக்கு ஒருமுறை கணக்கிட வேண்டும்; இரண்டு நாள் முன்னறிவிப்புக்கு 9,600 சுற்று. நான்கு கோர் உள்ள மடிக்கணினியில் மாதிரி அந்தச் சதுரத்தை நான்கு துண்டாக்கி, கோருக்கு ஒன்றாகக் கொடுக்கும். வேலி எல்லையில் அயலவர் பேசிக்கொள்வதுபோல, ஓரப் புள்ளிகளின் மதிப்பைத் துண்டுகள் சுற்றுக்குச் சுற்று பரிமாறிக்கொள்ளும். 16 கோர் யந்திரம் கிடைத்தால், மாதிரியை ஓட்டும் கட்டளையிலுள்ள 4ஐ 16 ஆக்கினால் போதும். நிரலில் ஒரு வரியும் மாறாது.

ஆனால் கட்டத்தை 1 கிலோமீற்றராக்கினால் புள்ளிகள் 9 மடங்கு, சுற்றுகள் 3 மடங்கு. வேலை 27 மடங்கு. அப்போது மடிக்கணினி கை விரித்துவிடும்.

பெரிய யந்திரத்துக்கு மாறுவதும் சொல்லும் அளவுக்குச் சுலபமல்ல. துணை மென்பொருள்களில் ஒன்றின் பதிப்பு பொருந்தாவிட்டால், மழையைப் பார்க்குமுன் ஒரு வாரம் பிழைச்செய்திகளோடு போய்விடும். அப்டெய்னர் போன்ற கொள்கலன் மென்பொருள்கள் மாதிரியையும் அதன் துணைகளையும் ஒரே கோப்பில் கட்டித் தருவது இதற்காகத்தான்.

வரைகலைச் சிப்புகளான ஜிபியூக்களில் ஓட்ட அதுவும் போதாது. நிரலையே அவற்றுக்கேற்ப எழுதவேண்டும். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தில் பிறந்த கொக்கோஸ், ஒருமுறை எழுதிய நிரலை வெவ்வேறு நிறுவனச் சிப்புகளில் ஓடவைக்கும் சட்டகம். அதன்மேல் எழுதப்பட்ட ஸ்கிரீம் மாதிரி, பூமி முழுவதையும் 3.25 கிலோமீற்றர்க் கட்டங்களில் ஃபிரான்டியர் மீக்கணினியில் ஓட்டி, 2023இல் காலநிலைக்கான முதல் கோர்டன் பெல் பரிசை வென்றது.

வன்னிக்கு ஃபிரான்டியர் தேவையில்லை. ஒரே ஓட்டத்தை நம்பிக் கதவு திறக்காமலிருந்தால் சரி. மழை இருபது கிலோமீற்றர் தென்கிழக்கே தள்ளிக் கொட்டினால், தண்ணீர் பேராற்றில் இறங்கி முத்தையன்கட்டுக் குளத்துக்குப் போய்விடும். எனவே மாதிரிக்குக் கொடுக்கும் தொடக்கத் தரவைச் சிறிது சிறிதாக மாற்றி, மாதிரியை இருபது தடவை ஓட்டிப் பார்ப்பது நல்லது. இந்த ஓட்டங்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே அதே கொள்கலன் கோப்பை, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் இரவில் ஓய்ந்திருக்கும் கணினிகளில் பத்துப் பத்தாக ஓடவிடலாம். காலையில் இருபதில் எத்தனை ஓட்டம் இரணைமடு ஏந்துபரப்பில் 150 மில்லிமீற்றரைத் தாண்டியது என்று எண்ணிவிடலாம்.