ஊசியும் நூலும் சொன்ன கதை

எம்பிராய்டரி என்றதும் நமக்குத் தலையணை உறையும், குழந்தையின் ஃபிராக்கும், மேஜை விரிப்பும்தான் ஞாபகத்துக்கு வரும். ஒரு கிராமத்துப் பெண்கள் இந்த ஊசி நூலை வைத்துக்கொண்டே எய்ட்ஸ் நோயோடு போராடினார்கள் என்றால் நம்புவீர்களா? கைத்தையலில் எனக்குள்ள ஆசையால் இந்தச் செய்தியைத் தேடித் தேடிப் படித்தேன். உங்களிடம் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில், கெய்ஸ்காமா நதி கடலோடு கலக்கும் இடத்தில் ஹாம்பர்க் என்று ஒரு சின்ன ஊர். ஜெர்மனியில் இருக்கிற பெரிய பட்டணம் இல்லை. ஏழை எளியவர்கள் வாழும் கிராமம். 2000-ம் ஆண்டில் காரல் ஹாஃப்மேயர் என்ற பெண்மணி அங்கே குடிவந்தார். அவர் டாக்டர்; ஓவியக் கலைஞரும்கூட. வேலை வெட்டி இல்லாமல் தவித்த பெண்களைக் கூட்டி எம்பிராய்டரி பழக்க ஏற்பாடு செய்தார். இங்கிலாந்திலிருந்து கைவேலை தெரிந்த தோழிகள் வந்து சொல்லிக்கொடுத்தார்கள். கொஞ்ச வருஷத்திலேயே அந்தப் பெண்கள் தங்கள் ஜனங்களின் சரித்திரத்தை 120 மீட்டர் நீளத்துக்குத் தைத்து முடித்துவிட்டார்கள்!

பாட்டிமார் சுமந்த பாரம்

அந்தச் சமயத்தில்தான் எய்ட்ஸ் ஊரைச் சூறையாடிக்கொண்டிருந்தது. பெற்றவர்கள் இளவயதிலேயே போய்விட, குழந்தைகள் பாட்டிகளின் மடிக்கு வந்தார்கள். பிறக்கும்போதே ஹெச்.ஐ.வி.யோடு பிறந்த குழந்தைகளும் உண்டு. அந்த நாட்டில் அரசாங்கமே மருந்து கொடுக்க ஆரம்பித்தது 2004-ல்தான்.

அந்தத் துக்கத்தைப் பெண்கள் துணியில் இறக்கி வைத்தார்கள். சர்ச்சுகளில் பீடத்துக்குப் பின்னால் மடக்குக் கதவுகளோடு சித்திரத் தொகுதி இருக்கும், பார்த்திருப்பீர்கள். 500 வருஷத்துக்கு முன், நோயாளிகளைப் பராமரித்த ஒரு மடாலயத்துக்காக க்ரூனேவால்ட் என்ற ஓவியர் அப்படி ஒன்றை வரைந்தார். அதையே மாதிரியாக வைத்து, சுமார் 130 பேர் சேர்ந்து 2005-ல் தங்கள் ஊர்க் கதையைத் தைத்தார்கள். கதவு மூடியிருந்தால், துக்க உடையில் ஒரு விதவையும் பெற்றோரை இழந்த குழந்தைகளும். திறந்தால், ஊர் செழித்து நிற்கும் காட்சி. அதையும் திறந்தால், ஆளுயரப் புகைப்படத்தில் மூன்று பாட்டிகள், பேரக்குழந்தைகளோடு! அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாமி படம் இருக்க வேண்டிய இடத்தில், குழந்தைகளை வளர்த்து ஆளாக்கிய கிழவிகளை அல்லவா வைத்திருக்கிறார்கள்!

2006-ல் இது கனடாவின் டொரான்டோ நகருக்கும், பிறகு அமெரிக்க நகரங்களுக்கும் பயணம் போனது. கைவேலை அந்தப் பெண்களுக்கு வருமானம் தந்தது. அவர்களுடைய அமைப்பு மருத்துவ உதவி, ஆதரவற்ற குழந்தைகளின் கவனிப்பு என்று விரிந்தது.

கலைஞர்கள் கை கொடுத்த இன்னொரு சம்பவமும் உண்டு. 2003 நவம்பர் 29-ல், எய்ட்ஸ் ஒழிப்புக்காக நெல்சன் மண்டேலா அழைக்க, உலகப் புகழ் பாடகர்கள் கேப் டவுனில் கூடிப் பாடினார்கள். நிகழ்ச்சிக்குப் பெயர் 46664. சிறையில் மண்டேலாவுக்குக் கொடுத்த எண் அது. 2005-ல் தம் மகனையே எய்ட்ஸ் பறித்தபோது, அதை மறைக்காமல் ஊரறியச் சொன்னார் அவர்.

நாம் செய்யக்கூடியது

துணியில் தைக்காவிட்டாலும் மனசில் தைத்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள் சில:

ஹெச்.ஐ.வி. உள்ள குழந்தையைத் தூக்கினால், கொஞ்சினால், ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றாது. கொசு கடித்தாலும் பரவாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கலாம், ஓடி விளையாடலாம்.

மருந்தைத் தினமும் தவறாமல் கொடுத்து, சத்தான ஆகாரமும் கொடுத்தால், அந்தக் குழந்தை மற்றவர்களைப் போலவே வளர்ந்து, படித்து, வேலைக்கும் போகும்.

கர்ப்பமானதும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து சிசுவுக்கு நோய் போக நூற்றுக்கு 15 முதல் 45 வரை வாய்ப்பு உண்டு. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் அதை 5-க்கும் கீழே கொண்டுவந்துவிடலாம்.

மாத்திரையை டாக்டர் கொடுப்பார். "வாடா கண்ணா, வந்து உட்கார்ந்து சாப்பிடு" என்று கூப்பிடுவது நம் கையில்தானே இருக்கிறது?