கூப்பிட ஆளில்லாத வண்டி

சாலையில் நாம் – 9

நெல்லித்தோப்பு சிக்னலில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் நின்று பார்த்தால் ஒன்று கண்ணில் படும். வில்லியனூர்ப் பக்கமிருந்து இந்திரா காந்தி சிலையைச் சுற்றிக்கொண்டு வரும் பஸ்ஸுக்கும் காருக்கும் பின்னால் சிவப்பு எரிகிறது. செங்கல்லோ கம்பியோ ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் வந்தால், அதன் முதுகு பெரும்பாலும் இருட்டாகத்தான் இருக்கிறது. கடை வெளிச்சமும் தெரு விளக்கும் இருப்பதால் ஊருக்குள் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. அதே டிரெய்லர் கண்டமங்கலம் தாண்டி இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்க, பின்னால் ஒருவர் பைக்கில் அறுபதில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறுபது என்றால் நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல். கண்ணில் பட்டு, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போவதற்குள் இருபத்தைந்து மீட்டர் ஓடியிருக்கும். பிரேக் பிடித்து வண்டி நிற்க இன்னொரு இருபது வேண்டும். டிம் வெளிச்சத்தில், விளக்கில்லாத ஒரு மண் நிற டிரெய்லர் அத்தனை தூரத்தில் தெரிந்தால் அது அவருடைய அதிர்ஷ்டம்.

2022-இல் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள், 1,68,491 சாவுகள் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் காட்டியது. மோதிய விதத்தை வைத்துப் பிரித்தால் பின்னாலிருந்து மோதியவைதான் அதிகம். ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.

காற்றுப்பைக் கோளாறுக்காகக் கார்களைக் கம்பெனிகள் திரும்ப அழைப்பதுண்டு. விளக்குக் கோளாறுக்கும் அப்படி அழைப்பார்களா? அழைப்பார்கள். நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. சென்னை ராயல் என்ஃபீல்டு கம்பெனி 2024 அக்டோபரில் ஓர் அறிவிப்பு விட்டது. 2022 நவம்பர் முதல் 2023 மார்ச் வரை செய்த மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் பின்பக்க, பக்கவாட்டு ரிஃப்ளெக்டர்கள் போதுமான அளவு ஒளியைத் திருப்பி அனுப்பாமல் இருக்கலாம். இலவசமாக மாற்றித் தருகிறோம். ஒரு வண்டிக்குப் பதினைந்து நிமிடம்கூட ஆகாது என்றது. தென் கொரியாவில் தொடங்கி, அமெரிக்கா, கனடா, பிறகு இந்தியா, ஐரோப்பா என்று வரிசையாக நடக்கும் என்றும் சொன்னது. பல்பும் இல்லை, ஒயரும் இல்லை. சும்மா ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் சில்லு. அதற்குள் இருக்கும் நுண்ணிய மூலைகள், எந்தத் திசையிலிருந்து ஒளி வந்ததோ அந்தத் திசைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அது மங்கினாலே குறை என்று ஒத்துக்கொண்டு, உலகம் முழுக்கச் சொல்லியனுப்புகிறார்கள்.

அவர்களால் அது எப்படி முடிகிறது? ஒவ்வொரு வண்டிக்கும் சேசிஸ் எண் இருக்கிறது. எந்த மாதம் செய்தது, எந்த டீலருக்குப் போனது, யார் வாங்கினார் என்ற பதிவு இருக்கிறது. திரும்ப அழைப்பு என்பதே அந்தப் பதிவேட்டின் பலம்தான்.

அமெரிக்காவில் டிரெய்லருக்கும் இதே கதை. விளக்கு, ரிஃப்ளெக்டர் பற்றிய 108-ஆம் எண் தரவிதி காருக்கு எப்படியோ அப்படியே டிரெய்லருக்கும் பொருந்தும். டிரெய்லர் செய்பவர் சின்னப் பட்டறைக்காரரே ஆனாலும் அரசிடம் தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும். பாதுகாப்புக் குறை என்று தெரிந்துவிட்டால் ஐந்து வேலை நாளுக்குள் அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். வாங்கியவர்களுக்குத் தபாலில் கடிதம் போட வேண்டும். பக்கவாட்டு விளக்கை விட்டுவிட்டார்கள், ஒயரை மாற்றிக் கொடுத்தார்கள் என்பதற்கெல்லாம் அங்கே டிரெய்லர்கள் திரும்ப அழைக்கப்படுகின்றன.

இங்கே சட்டம் இல்லாமலில்லை. 2012-இலிருந்து வாகன உற்பத்தியாளர் சங்கம் தானாக ஒரு நெறிமுறை வைத்துக்கொண்டிருந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஓட்டுபவருக்கோ உள்ளே இருப்பவருக்கோ சாலையில் போகும் மற்றவருக்கோ ஆபத்து என்றால், வண்டியைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே உத்தரவிடலாம். உரிமையாளர்களில் இத்தனை சதவீதம் பேர் புகார் செய்திருக்க வேண்டும். அல்லது சோதனை நிறுவனம் சொல்ல வேண்டும். வேறு வழியில் தெரியவந்தாலும் சரி. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை. ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும்.

இதை டிரெய்லருக்குப் பொருத்திப் பாருங்கள். சட்டத்தின் கண்ணில் டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். 2-ஆவது பிரிவே அப்படிச் சொல்கிறது. மோட்டார் வாகனம் செய்பவர் எவரும் உற்பத்தியாளர். அப்படியென்றால் சாலையோர வெல்டிங் பட்டறையில் சேனலையும் ஆங்கிளையும் வெட்டி, பழைய லாரி ஆக்ஸிலைக் கோர்த்து, நீலப் பெயின்ட் அடித்துக் கொடுக்கிறாரே, அவரும் உற்பத்தியாளர்தான்! அவரிடம் எந்த வண்டியை யாருக்குக் கொடுத்தார் என்ற நோட்டு இருக்குமா? புதுவண்டி மாதிரியைச் சோதனைக்கு அனுப்பச் சொன்ன 126-ஆம் விதி, 1993-இல் எழுதப்பட்டபோதே டிரெய்லரை விலக்கி வைத்தது. ஏழு வயதுக் கணக்கும் வேடிக்கைதான். டிராக்டர் மூன்று கை மாறினாலும் டிரெய்லர் இருபது வருஷம் ஓடும்.

லாரிக்கு எஃப்.சி. காட்ட வேண்டும். அந்த ஒரு நாளுக்காவது பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் எல்லா விளக்கும் எரியும். விவசாய டிராக்டர் சட்டப்படி போக்குவரத்து வாகனமே கிடையாது. லாரியைப் போல அடிக்கடி அந்த வாசலுக்குப் போகத் தேவையில்லை. நம்பருக்குக்கூடச் சட்டம் ஏற்பாடு செய்திருக்கிறது: டிரெய்லரின் சொந்த எண் பக்கவாட்டில், இழுக்கும் டிராக்டரின் எண் பின்னால். இரண்டையும் ஒருசேரப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள்.

சரி, விளக்கு ஏன் எரிவதில்லை? பட்டறையில் மாட்டாமல் விடுவது பாதிக் காரணம். மாட்டியதும் எரியாமல் போவது மீதி. டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஏழு பின் சாக்கெட் ஒன்று இருக்கும். இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், பிரேக், டெயில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பின். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் எர்த். எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் முதலில் பார்ப்பது அந்த எர்த்தைத்தான். துருப்பிடித்து அது விட்டுப்போனால் மின்சாரம் வேறொரு பல்பின் வழியாகத் திரும்பப் பார்க்கும். இண்டிகேட்டர் போட்டால் டெயில் விளக்கு சேர்ந்து மினுங்கும், பிரேக் மிதித்தால் இருக்கிற வெளிச்சமும் மங்கும். பின்னால் வருபவருக்கு வண்டி நிற்கிறதா திரும்புகிறதா என்றே விளங்காது. இதற்கு மேல் சேறு, அதிர்வு, டிரெய்லரைக் கழற்றும்போது பிளக்கைப் பிடுங்க மறந்து அறுந்த ஒயர். இரண்டு டிரெய்லரை ஒரே டிராக்டர் மாறி மாறி இழுத்தால் ஒன்றின் பிளக் இன்னொன்றுக்குச் சேராது. கரும்புப் பருவத்தில் கேட்கவே வேண்டாம். தோகை தொங்கி, எரிகிற விளக்கையும் மறைத்துவிடும்.

ஆகவே, ஒயரை நம்பாத வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கரும்புப் பருவம் தொடங்கும்போது போலீஸாரும் சர்க்கரை ஆலைக்காரர்களும் டிராக்டருக்கும் மாட்டுவண்டிக்கும் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டும் படம் பத்திரிகைகளில் வருவதுண்டு. நல்ல காரியம், ஆனால் படம் எடுத்து முடிந்ததும் வேலையும் முடிந்துவிடுகிறது. முண்டியம்பாக்கமோ நெல்லிக்குப்பமோ, ஆலைக்கு யாருடைய கரும்பு எந்த நாளில் வரும் என்பது தெரியும். வெட்டு உத்தரவு கொடுப்பதே ஆலைதான். ஒவ்வொரு டிரெய்லரும் எடை மேடையில் ஏறித்தான் ஆக வேண்டும். பட்டறைக்காரரிடம் இல்லாத பதிவேடு எடை மேடைக்காரரிடம் இருக்கிறது. பின்னால் சிவப்பு ரேடியம் பட்டை இல்லாத டிரெய்லருக்கு, ஒட்டிவிட்டு வா, பிறகு எடைச் சீட்டு என்று சொல்ல அவரால் முடியும். ஒட்டும் பட்டையும் அங்கேயே இருந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

செங்கல் டிரெய்லருக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. அதற்குப் பட்டறையில்தான் ஒட்ட வேண்டும், பெயின்ட் காய்ந்த கையோடு. பட்டையைப் பின்கதவில் ஒட்டினால் கதவைக் கழற்றி வைத்துவிட்டு லோடு ஏற்றுவார்கள். கீழே இருக்கும் குறுக்குச் சட்டத்தில் ஒட்டச் சொல்ல வேண்டும்.