கேட்கப்படாத கேள்வி: குந்தர் கிராஸும் அவருடைய விமர்சகர்களும்

குந்தர் கிராஸ் எழுதிய நாவல்களை ஜெர்மானியர்கள் எப்படி வாசித்தார்கள், எப்படித் திட்டினார்கள், எப்படித் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள் என்பதுதான் இந்த உரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள். ஒரு தலித் இலக்கிய மேடையின் நினைவுச் சொற்பொழிவுக்கு இதை ஏன் எடுக்க வேண்டும் என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழும் விவாதம் ஒன்று உண்டு. ஒடுக்கிய தரப்பில் பிறந்த ஒருவர் அந்த ஒடுக்குமுறையைப் பற்றி மனம் நொந்து எழுதினால் அதை நாம் எப்படி வாசிப்பது? எழுதியவர் நல்லவரா, கெட்டவரா, உண்மையானவரா, வேடதாரியா என்ற இடத்திலேயே நம் பேச்சு பெரும்பாலும் நின்றுபோகிறது. கிராஸைப் பற்றிய ஜெர்மானியப் பேச்சும் அரைநூற்றாண்டு காலம் பெரும்பாலும் அங்கேயேதான் நின்றது. சற்று விலகி நின்று வேறு கேள்வி கேட்டவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களை முன்வைத்துப் பேசுவதே நம் நோக்கம்.

கிராஸ் 1927இல் டான்ட்ஸிக் நகரில் பிறந்தவர். அந்த நகரம் இன்று போலந்தில் குதான்ஸ்க் என்ற பெயரில் இருக்கிறது. வீட்டில் சின்ன மளிகைக்கடை. அப்பா ஜெர்மானியர். அம்மாவின் பூர்வீகம் கஷூபியர் என்ற சிறுபான்மை இனம். போலந்துக்காரர்களும் ஜெர்மானியர்களும் முழுமையாகத் தம்மவர் என்று ஏற்றுக்கொள்ளாத மக்கள் அவர்கள். இந்த மளிகைக்கடைத் தெருவிலிருந்துதான் 1959இல் 'தகர முரசு' வந்தது. மூன்று வயதில் இனி வளரமாட்டேன் என்று முடிவெடுத்து, தகர முரசை அடித்துக்கொண்டே நாஜிக் காலத்தைக் கடக்கும் ஆஸ்கர் என்பவனின் கதை. நாஜிகள் எங்கிருந்தோ வந்திறங்கிய பேய்கள் அல்ல, மாலையில் சீட்டாடி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் கடைக்காரர்களே சீருடை மாட்டிக்கொண்டார்கள் என்று அந்த நாவல் காட்டியது.

அது வெளிவந்த மேற்கு ஜெர்மனி எப்படிப்பட்டது? தொழில் வளர்ந்து காசு புழங்கிய நாடு. பழையதைப் பேசவேண்டாம் என்று சொல்லாமலே ஒப்புக்கொண்டிருந்த நாடு. யூதர்களுக்கு எதிரான 1935ஆம் ஆண்டு இனச் சட்டங்களுக்கு விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவரான ஹான்ஸ் குளோப்கே அப்போது பிரதமர் அடினாவரின் அலுவலகத்தை நடத்திக்கொண்டிருந்தார் என்பதைச் சொன்னால் போதும்.

நாவலின் கையெழுத்துப் படியிலிருந்து வாசித்ததற்கே 'குழு 47' என்ற எழுத்தாளர் வட்டம் 1958இல் கிராஸுக்குப் பரிசு கொடுத்துவிட்டது. புத்தகம் வந்ததும் பிரேமன் நகர இலக்கியப் பரிசுக்கு நடுவர் குழு அதைத் தேர்ந்தெடுத்தது. நகர அரசு கொடுக்க மறுத்தது. ஆபாசம், தெய்வநிந்தனை என்ற குற்றச்சாட்டுகள் வரிசையாக வந்தன. 1965இல் டூசல்டார்ஃபில் கிறித்தவ இளைஞர் அமைப்பு ஒன்றைச் சேர்ந்தவர்கள் ரைன் நதிக்கரையில் நூல்களை எரித்தபோது 'தகர முரசு'ம் நெருப்பில் போனது. அதே நெருப்பில் எரிஷ் கெஸ்ட்னரின் புத்தகமும் இருந்தது. 1933இல் நாஜிகள் எரித்தவையும் அவர் புத்தகங்கள்தான். எரிப்பதற்கு நகராட்சியிடம் முன்கூட்டியே அனுமதியும் வாங்கியிருந்தார்கள். எல்லாம் ஒழுங்குமுறைப்படி!

என்ஸென்ஸ்பெர்கர் போன்ற இளம் கவிஞர்கள் நாவலைத் தாங்கிப் பிடித்தார்கள். கருத்துச் சுதந்திரத்துக்காக அவர்கள் நின்றது சரியே. ஆனால் அந்தச் சண்டையின் இருபக்கத்தையும் பாருங்கள். எதிர்த்தவர்களுக்கு நாவலில் உடலுறவுக் காட்சிகள் தெரிந்தன. ஆதரித்தவர்களுக்கு மரபை உடைக்கும் மொழி தெரிந்தது. நாவலுக்குள் செத்துக்கிடக்கும் யூதக் கடைக்காரர் இரண்டு தரப்புக்குமே பெரிய விஷயமாகப் படவில்லை.

இங்கே மார்செல் ரைஷ்-ரனிட்ஸ்கி வருகிறார். பின்னாளில் ஜெர்மானிய விமர்சனத்தின் சக்கரவர்த்தியாக உட்கார்ந்தவர். 'தகர முரசு'க்கு அவர் 1960இல் எழுதிய மதிப்புரை கடுமையானது: திறமை உண்டு, கட்டுப்பாடில்லை என்பதுபோல. மூன்று ஆண்டுகள் கழித்து வானொலியில் தன் கணிப்பைத் தானே திருத்திக்கொண்டார். இலக்கிய வரலாறுகள் இந்தத் திருத்தத்தைச் சுவையான செய்தியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நமக்கு அவர் யார் என்பது முக்கியம். போலந்தில் பிறந்து பெர்லினில் படித்த யூதர். 1938இல் போலந்துக்கு நாடுகடத்தப்பட்டவர். வார்சா கெட்டோவில் அடைக்கப்பட்டவர். அவருடைய பெற்றோர் திரெப்லிங்கா முகாமில் கொல்லப்பட்டார்கள். அவரும் மனைவி தியோஃபிலாவும் 1943இல் கெட்டோவிலிருந்து தப்பி, வார்சாவின் விளிம்பில் வேலையிழந்த அச்சுக்கோப்பாளர் ஒருவர் வீட்டில் ஒளிந்திருந்தார்கள். இரவுகளில் அந்த வீட்டுக்காரருக்குக் கதை சொன்னார் ரைஷ்-ரனிட்ஸ்கி. வாசித்த நாவல்கள், ஷேக்ஸ்பியர் நாடகங்கள், எல்லாவற்றையும் கதையாக மாற்றிச் சொன்னார். கதை சுவையாக இருந்தால் வீட்டுக்காரருக்கு இவர்களை வைத்துக்கொள்ள இன்னும் கொஞ்சம் மனம் வரும்.

இப்படிப்பட்ட ஒருவர் 1958இல் மேற்கு ஜெர்மனிக்கு வந்து, குழு 47இன் கூட்டங்களில் நாஜிக் காலத்தை வெறுக்கும் முற்போக்கு எழுத்தாளர்களோடு ஆண்டுக்கணக்கில் பழகினார். கெட்டோவில் என்ன நடந்தது என்று உண்மையான அக்கறையோடு தன்னிடம் முதலில் கேட்டவர் 1960களில் பேட்டி எடுக்க வந்த ஓர் இளம் பெண் பத்திரிகையாளர் என்று தன்வரலாற்றில் எழுதுகிறார். அந்தப் பெண் உல்ரிகே மைன்ஹோஃப். பின்னாளில் ஆயுதமேந்திய குழுவின் தலைவராக உலகம் அறிந்த அதே மைன்ஹோஃப். எழுத்தாளர்கள் கூடிய அத்தனை கூட்டங்களிலும் அவர் வாக்கியங்களைப் பற்றி விவாதித்தார்கள். அவரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இதை வெறும் கூச்சம் என்று சொல்லிக் கடந்துவிட முடியுமா?

ஒளிந்திருந்து கதை சொன்ன அனுபவத்தை அவர் கிராஸிடம் சொல்லியிருந்தார். 1972இல் கிராஸ் எழுதிய 'ஒரு நத்தையின் நாட்குறிப்பிலிருந்து' என்ற நூலில் அது வந்தது. போர்க்காலம் முழுவதும் ஒரு சைக்கிள் கடைக்காரரின் நிலவறையில் ஒளிந்து, அவருக்குக் கதை சொல்லிச் சொல்லி உயிர் பிழைக்கும் ஆசிரியர் ஒருவர் அதில் இருக்கிறார். பெயர் ஹெர்மன் ஓட், பட்டப்பெயர் 'சந்தேகம்'. ஒரு மாற்றம் மட்டும் உண்டு. ஹெர்மன் ஓட் யூதர் இல்லை. யூதப் பள்ளியில் வேலை பார்க்கும், யூதர்களுக்கு ஆதரவான, நல்ல மனம் படைத்த ஜெர்மானியர். உரிமைத்தொகையில் எனக்குப் பங்கு உண்டா என்று பின்னர் கிராஸிடம் கேட்டதையும், பதிலுக்கு அவர் தன் ஓவியம் ஒன்றைத் தந்ததையும் ரைஷ்-ரனிட்ஸ்கி நகைச்சுவையாகவே எழுதியிருக்கிறார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த நூலைப் பற்றி எழுதிய செபால்ட் பிரச்சினையைச் சரியாகத் தொட்டார். டான்ட்ஸிக் யூதர்கள் எப்படித் துரத்தப்பட்டார்கள் என்ற விவரங்கள் இந்நூலில் துல்லியமாக உள்ளன. அவற்றை முன்பே ஆய்ந்து தொகுத்தவர் எர்வின் லிக்டென்ஸ்டைன் என்ற யூத வரலாற்றாளர். அந்த ஆவண உண்மைக்குப் பக்கத்தில் ஹெர்மன் ஓட் நிற்கும்போது, நம்மில் இப்படி ஒருவர் இருந்திருக்கக் கூடாதா என்ற ஜெர்மானிய ஆசையின் உருவமாக அவர் தெரிகிறார் என்பதே செபால்டின் விமர்சனம். ஆசை தவறில்லை. ஆனால் அந்த ஆசை நிறைவேற ஒரு யூதரின் பிழைப்புக் கதை தேவைப்பட்டது.

இன்னும் அடிப்படையான கேள்வியைக் கேட்டவர் ரூத் க்ளூகர். வியன்னாவில் 1931இல் பிறந்து, சிறுமியாகத் தெரேசியன்ஷ்டாட், ஆஷ்விட்ஸ் முகாம்களைக் கடந்து, அமெரிக்காவில் ஜெர்மானிய இலக்கியப் பேராசிரியரானவர். போருக்குப் பிந்தைய ஜெர்மானியப் புனைவுகளில் யூதர்கள் எப்படி வருகிறார்கள் என்று 1980களில் ஒரு கட்டுரை எழுதினார். 'தகர முரசி'ன் பொம்மைக் கடைக்காரர் சிகிஸ்முண்ட் மார்க்குஸைப் பாருங்கள். ஆஸ்கருக்கு முரசு கொடுப்பவர் அவர்தான். ஆஸ்கரின் அம்மாவை ஒருதலையாகக் காதலித்து, மண்டியிட்டு, என்னோடு லண்டனுக்கு வந்துவிடு என்று கெஞ்சி, வேடிக்கைப் பொருளாகிறார். 1938 நவம்பரில் கடையை உடைக்கிறார்கள்; அவர் நஞ்சருந்தி மேசையில் செத்துக்கிடக்கிறார். மார்க்குஸின் சாவைச் சொல்லும் அந்த அத்தியாயம் நாவலின் உச்சங்களில் ஒன்று என்று விமர்சகர்கள் நெடுங்காலமாகப் பாராட்டி வந்திருக்கிறார்கள். க்ளூகர் அங்கேயே கைவைத்தார். இந்த மனிதருக்குக் குடும்பம் இல்லை, சமூகம் இல்லை, கோபம் இல்லை. கதைநாயகனுக்குப் பொருள் கொடுப்பதும் பிறகு பரிதாபமாகச் சாவதும் மட்டுமே அவருக்கு விதிக்கப்பட்டிருக்கின்றன. அனுதாபம் இருக்கிறது, அது அவரைப் பழைய யூதக் கேலிச்சித்திரத்திலிருந்து மீட்கவில்லை.

கதையில் ஒருமுறை வந்து, அழவைத்து, செத்துப்போகும் பாத்திரத்தை நமக்கும் தெரியும் என்பதால் இதை விரித்துச் சொல்கிறோம். ஆனால் ஒரு நியாயமும் சொல்லவேண்டும். அதே நாவலின் பிற்பகுதியில் திரெப்லிங்காவிலிருந்து பிழைத்து வந்த ஃபைன்கோல்ட், கொல்லப்பட்ட மனைவி மக்களை உயிரோடு இருப்பவர்களாக எண்ணிப் பேசிக்கொண்டே கிருமிநாசினி தெளிக்கிறார். 1959இல் அந்தப் பக்கங்களை எழுத வேறு எத்தனை ஜெர்மானிய நாவலாசிரியர்களுக்குத் துணிவிருந்தது? க்ளூகரின் விமர்சனத்தை ஏற்றுக்கொண்டும் இந்தப் பக்கங்களை மதிக்கலாம்.

பொதுவெளியில் இந்தக் கேள்விகள் ஓரத்திலேயே இருந்தன. நடுவில் இருந்தது 'தேசத்தின் மனசாட்சி' என்ற பிம்பம். வில்லி பிராண்டுக்காகத் தேர்தல் பிரச்சாரம் செய்த கிராஸ், வாஃபன் எஸ்.எஸ். வீரர்களும் புதைக்கப்பட்ட பிட்பர்க் கல்லறைக்கு 1985இல் ரீகனை அழைத்துச்சென்ற ஹெல்முட் கோலைக் கண்டித்த கிராஸ், ஆஷ்விட்ஸைக் காரணம் காட்டி 1990இல் ஜெர்மானிய இணைப்பை எதிர்த்த கிராஸ். 1995இல் அவருடைய புதிய நாவலை ரைஷ்-ரனிட்ஸ்கி கிழிப்பதுபோல் ஒரு படத்தை 'டேர் ஷ்பீகல்' அட்டையில் போட்டது. 1999இல் நோபல் பரிசு வந்தது. இவற்றை விரிக்கத் தேவையில்லை.

2006 ஆகஸ்டில், 17 வயதில் தான் அதே வாஃபன் எஸ்.எஸ்.இல் இருந்ததைக் கிராஸ் ஒரு நாளிதழ் பேட்டியில் சொன்னார். அறுபது ஆண்டுகள் ஏன் மறைத்தார்? நோபலுக்காகவா? புதிய புத்தகத்தின் விற்பனைக்காகவா? குதான்ஸ்க் நகரின் கௌரவக் குடியுரிமையைத் திருப்பித் தரவேண்டும் என்றார் லேக் வலேசா. கிராஸ் அந்நகருக்கு எழுதிய கடிதத்துக்குப் பிறகு விட்டுவிட்டார். பிட்பர்கைக் கண்டித்தவர் தன் சீருடையைச் சொல்லாமல் இருந்தது நேர்மையில்லை, அதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் அந்த விவாதத்தில் ஒரு நிம்மதிப் பெருமூச்சும் கேட்டது. ஒரு சமூகம் தன் மனசாட்சியை ஒரே மனிதரின் தலையில் ஏற்றிவைத்தால், அவர் சறுக்கும் நாளில் எல்லோரும் சுமையை இறக்கி வைத்துவிடலாம். அவர் எஸ்.எஸ்.இல் இருந்ததைக் காட்டும் போர்க்கைதி ஆவணம் பெர்லின் காப்பகத்தில்தான் இருந்தது. போய்ப் பார்த்தவர் இல்லை.

அந்தப் பேட்டிக்குக் காரணமான 'வெங்காயம் உரிக்கையில்' என்ற தன்வரலாற்றை அவசரத்தில் பலர் வாசிக்கவே இல்லை. எஸ்.எஸ். செய்தி அதில் சில பக்கங்களே. அதைவிட விரிவாக வருவது வேறொன்று. அம்மா வழி உறவினரான ஃபிரான்ஸ் கிராவுசெ, 1939 செப்டம்பர் 1 அன்று டான்ட்ஸிக்கின் போலந்து அஞ்சலகத்தைக் காக்க நின்றவர்களில் ஒருவர். நாஜிகள் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். அதன்பிறகு வீட்டில் அவர் பேச்சே எழவில்லை, பன்னிரண்டு வயதுப் பையனான தானும் ஏன் என்று கேட்கவில்லை என்று எழுதுகிறார் கிராஸ். காணாமல் போன ஆசிரியரைப் பற்றியும் கேட்கவில்லை. துப்பாக்கியைத் தொட மறுத்த இளைஞன் ஒருநாள் இல்லாமல் போனபோதும் கேட்கவில்லை. ரைஷ்-ரனிட்ஸ்கியிடம் யாரும் கேட்காத அந்த ஆண்டுகளை இதோடு சேர்த்து வாசித்த மதிப்புரையாளர்கள் மிகக் குறைவு.

இந்தியாவுக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. 1986 ஆகஸ்டிலிருந்து சில மாதங்கள் கல்கத்தாவில் வாழ்ந்த கிராஸ், 1988இல் 'நாக்கை நீட்டு' என்ற நூலை எழுதினார். நாட்குறிப்பு, நெடுங்கவிதை, கரிய ஓவியங்கள். நடைபாதையில் உறங்குவோரும் தாப்பா குப்பைமேடும் அதில் இருக்கிறார்கள். ஓர் ஐரோப்பியர் எங்கள் நகரத்தை இழிவுபடுத்திவிட்டார் என்று கல்கத்தாவின் படித்த வர்க்கம் கோபப்பட்டது. ஐரோப்பாவிலோ, அழுக்கை அழகாக்குகிறாரா இல்லையா என்று பேசினார்கள். குப்பைமேட்டில் பொறுக்குபவர்கள் ஏன் அவர்களாகவே இருக்கிறார்கள், வேறு யாரும் ஏன் அங்கே இல்லை என்ற கேள்வியை அந்த விவாதம் தொடவில்லை. ஓவியங்களிலும் அவர்கள் பெரும்பாலும் குவியலாகவே தெரிகிறார்கள், ஆளாகத் தெரிவதில்லை. ஆனாலும் ஊர் திரும்பிய பின்பு, குப்பைமேட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய அமைப்புக்கு அவர் உதவியதையும், 1997இல் ரோமா மக்களுக்காக ஓர் அறக்கட்டளை நிறுவியதையும் மறைக்கவேண்டியதில்லை.

மாணவர்கள் இந்த உரைக்குப் பிறகு 'தகர முரசை'த் தேடுவீர்கள். தேடுங்கள், நல்ல நாவல். க்ளூகரின் தன்வரலாறு 1992இல் வந்தது, 'தகர முரசு' வந்து 33 ஆண்டுகள் கழித்து. பெரிய பதிப்பகம் ஒன்று வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பிறகு, கோட்டிங்கன் நகரின் ஒரு சிறு பதிப்பகம் வெளியிட்டது. ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. எதை முதலில் வாசிப்பது என்று கேட்டால், க்ளூகரை வாசித்துவிட்டு மார்க்குஸின் பொம்மைக் கடைக்குள் போங்கள் என்போம்.