ஸ்ட்ரோக்குக்கு ஸ்டெம் செல்: ஆறு மாதக் கெடுவின் கணக்கு

“ஆறு மாசத்துக்குள்ள வந்துடணும், அப்புறம் ஸ்டெம் செல் ஊசி போட்டும் பிரயோஜனமில்லைன்னு சொல்றாங்க. நகையை வைக்கலாமா?” மேல்விஷாரத்திலிருந்து வந்த கடிதம். தந்தைக்கு வலது கை, கால் விழுந்து இது நான்காம் மாதம். வைக்காதீர்கள். ஆம்பூரிலிருந்தும் இதே கெடுவைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

கெடுவில்தான் சூட்சுமம். ஸ்ட்ரோக்கில் போன அசைவு எவ்வளவு திரும்புமோ, அதில் பெரும்பங்கு தொடக்க மூன்று முதல் ஆறு மாதங்களில் தானாகவே திரும்பும். அந்த நேரம் பார்த்து ஊசியையும் தினசரி பிசியோவையும் ஒரே ‘பேக்கேஜ்’ ஆக்கிவிட்டால், எழுந்து நடப்பவர் எதற்கு நன்றி சொல்வார்? விலை அதிகமானதற்குத்தான்.

ஊசியின் பலனைத் தனியே பிரித்துப் பார்த்த ஆய்வு இந்தியாவிலேயே நடந்தது. டெல்லி எய்ம்ஸ் டாக்டர் காமேஷ்வர் பிரசாத் தலைமையில் ஐந்து மருத்துவமனைகள், 120 நோயாளிகள். 2014-ல் முடிவு வந்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு அவரவர் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களை, சராசரியாக 28 கோடி, ரத்தக்குழாய் வழியே ஏற்றினார்கள். மற்றவர்களுக்கு ஏற்றவில்லை. தானே சாப்பிடுவது, கழிவறை போவது, படி ஏறுவது என்று நூற்றுக்கு மார்க் போடும் பார்த்தெல் அளவுகோலில், 180-ம் நாள் செல் ஏற்றியவர்களுக்கு 63.1, ஏற்றாதவர்களுக்கு 63.6.

ஆய்வு ‘பாதுகாப்பானது’ என்றும் சொன்னது. கெடுதல் செய்யவில்லை என்பதுதான் அதன் பொருள். விளம்பரம் போடுபவருக்கு அந்த ஒரு சொல்லே போதும்.

அரசு? ‘அனுமதி பெற்ற ஆய்வில் மட்டும்’ என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல். வழிகாட்டுதல் சட்டமல்ல. 2019-ம் ஆண்டு மருந்து விதிகளோ, செல்லைக் கணிசமாகக் கையாண்டால்தான் அதை மருந்துக் கணக்கில் சேர்க்கின்றன. ‘நாங்கள் லேசாகத்தான் தொட்டோம்’ என்று வாதிட இடம் வைத்து எழுதிய விதி.

மூளையில் புது நரம்பு முளைக்குமா? அதற்குச் செல் முதலில் மூளைக்குப் போய்ச் சேர வேண்டுமே. ரத்தக்குழாயில் ஏற்றிய செல்களில் பெரும்பகுதி நுரையீரலிலேயே சிக்கிக்கொள்வதை விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள்.

வேலூர் சி.எம்.சி.யில் ஸ்டெம் செல் சிகிச்சை செய்கிறார்களே? அது தலசீமியா, லுக்கேமியா போன்ற ரத்த நோய்களுக்கு, 1986 முதல்.

ஆறு மாதம் தாண்டினால்? முன்னேற்றத்தின் வேகம் குறையும், நிற்காது, பிசியோவை விடாதீர்கள்.

ஆய்வில் சேரலாமா? சேரலாம், மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேட்டில் (சி.டி.ஆர்.ஐ.) உள்ள பதிவு எண்ணைக் கேளுங்கள், ஆனால் பதிவு என்பது அங்கீகாரம் அல்ல.

காசு கேட்டால்? எழுந்து வந்துவிடுங்கள்.