இரண்டாவது அடிக்கு முன்

கீறிவிட்ட அலுமினியத் தாளின் மேல், மயக்க மருந்து கொடுத்த இளம் எலி குப்புறப் படுத்திருக்கிறது. குழாய் வழியே விழும் எடை தலையைத் தட்டியதும் தாள் கிழிகிறது. எலி காற்றில் புரண்டு, கீழேயுள்ள மெத்தையில் மல்லாந்து விழுகிறது. அது தானாகத் திரும்பி நான்கு காலில் நிற்க எவ்வளவு நேரமாகிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். உணர்விழப்புக்கு அதுதான் அளவுகோல்.

தலையை இறுக்கிப் பிடித்து அடிக்கும் பழைய முறையைவிட இது விளையாட்டு மைதானத்தில் நடப்பதற்கு நெருக்கமானது. ஆட்டத்தில் மோதும் சிறுவனின் தலை வெட்டித் திரும்புகிறது. ‘கன்கஷன்’ எனப்படும் மூளை அதிர்வுக்கு அந்தச் சுழற்சியே முக்கியக் காரணம். ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியலாளர் ஹோல்போர்ன் 1943-லேயே ஜெலட்டின் மாதிரிகளைக் கொண்டு சுழற்சியின் பங்கை விளக்கினார்.

ஆனால் எலியின் மூளை வழவழப்பானது. மனித மூளைபோல மடிப்புகள் வேண்டுமென்றால் பன்றிக்குட்டிதான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சூசன் மார்குலிஸ் குழு, பிறந்து 3 முதல் 5 நாளே ஆன குட்டிகளின் தலையை எதிலும் மோதவிடாமல் மில்லி நொடிகளில் திருப்பிச் சோதித்தது. மோதலே இல்லாமல் நரம்பிழைகள் சேதமடைந்தன. திருப்பிய திசைக்கேற்பப் பாதிப்பும் மாறியது.

வளரும் மூளையிடமிருந்து காயம் எதைப் பறிக்கிறது? லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கீஸா, டேவிட் ஹொவ்டா குழுவினர், பால்குடி மறக்காத எலிக்குட்டிகளின் மூளைக்கு அதிர்வு கொடுத்து, விளையாட்டுப் பொருட்களும் துணையும் நிறைந்த கூண்டில் வளர்த்தார்கள். அடிபடாத குட்டிகளுக்கு அந்தச் சூழலில் பெருமூளைப் புறணி தடித்தது. அடிபட்டவற்றுக்குத் தடிக்கவில்லை. பார்வைக்கு அவை தேறியே இருந்தன. அனுபவத்தால் வளரும் திறன்தான் குன்றியிருந்தது. விழுந்த குழந்தை எழுந்து ஓடுகிறதே என்று நிம்மதி கொள்ளும் பெற்றோர் அவசியம் அறிய வேண்டிய செய்தி இது.

அதே பல்கலைக்கழகத்தின் மயூமி பிரின்ஸ், பதின்பருவத்துக்கு ஒப்பான 35 நாள் வயது எலிகளுக்கு இரண்டு முறை லேசான அடி கொடுத்துப் பார்த்தார். முதல் அடிக்குப் பின் சில நாட்களுக்கு மூளை குளுக்கோஸைக் குறைவாகவே பயன்படுத்துகிறது. அந்த மந்தம் நீங்குமுன், 24 மணி நேரத்தில் விழுந்த இரண்டாம் அடி நிலைமையை மோசமாக்கியது. 5 நாள் கழித்து விழுந்த அடியின் விளைவோ தனி அடியின் விளைவைப் போலவே இருந்தது.

எலியின் 5 நாளை மாணவனின் நாட்காட்டியில் அப்படியே பதிக்க முடியாது. தலை வலிக்கிறது என்று எலி சொல்லப்போவதுமில்லை. ஆனால், அடிபட்ட சிறுவனை அன்றே மீண்டும் ஆட்டத்தில் இறக்காதீர்கள் என்று விளையாட்டு மருத்துவர்கள் கண்டிப்புக் காட்டுவதற்கான உயிரியல் காரணம் இந்த எலிகளிடம் தெரிகிறது.