காட்டின் நினைவைத் தாங்கும் அட்டை

அம்பாசமுத்திரத்திற்கு மேற்கே, தாமிரபரணி சமவெளிக்கு இறங்கும் பாபநாசத்தைக் கடந்தால் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம் தொடங்குகிறது. 1988ஆம் ஆண்டு உருவான இதுவே தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆகும். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடெங்கும் நடைபெறும் புலிகள் கணக்கெடுப்பின்போது இங்கும் தானியங்கி ஒளிப்படக்கருவிகள் பொருத்தப்படுகின்றன. உடல்வெப்பமுள்ள விலங்கு முன்னால் அசைந்தவுடன் கருவி தானே படம் எடுத்துவிடும். ஒரு புலியின் வரிகள் மற்றொரு புலிக்கு அமைவதில்லை. ஒரே புலிக்கும் இடப்பக்க வரிகள் வேறு, வலப்பக்க வரிகள் வேறு. ஆதலால் பாதையின் இருபுறமும் கருவிகள் எதிரெதிரே நிற்கின்றன. பதிவானவை அனைத்தும் அஞ்சல்தலை அளவேயுள்ள நினைவக அட்டைக்குள் அடங்குகின்றன. பல நாள் கழித்து எடுக்கும்போது அட்டை பழுதாகியிருந்தால், அந்நாள்களைத் திரும்பப் படம்பிடிக்க இயலாது.

அட்டையைத் தேர்ந்தெடுப்போர் முதலில் நோக்குவது கொள்ளளவு. ஒரு படம் 3 மெகாபைட் எனக் கொண்டால், 32 ஜிகாபைட் அட்டையில் ஏறத்தாழ 10,000 படங்கள் அடங்கும். ஒரு மாதத்திற்கு இது மிகுதி என்று தோன்றலாம். ஆனால், புலி மட்டுமா அப்பாதையில் நடக்கிறது? மிளா, காட்டுமாடு, கரடி, யானை என எல்லாம் வரும். வெயிலில் சூடேறிக் காற்றில் ஆடும் புல்லும் கருவியை ஏமாற்றும். 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடெங்கும் பதிவான படங்கள் 3,48,58,623. அவற்றுள் புலிப்படங்கள் 76,651 மட்டுமே. ஆயிரம் படங்களுக்கு ஏறத்தாழ இரண்டு!

அதற்காக மிகப் பெரிய அட்டையே சிறந்தது எனக் கருதுவதும் பிழை. 32 ஜிகாபைட் வரையுள்ளவை எஸ்.டி.எச்.சி. வகை, அதற்கு மேல் 2 டெராபைட் வரையுள்ளவை எஸ்.டி.எக்ஸ்.சி. வகை. தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. கோப்புகளை அடுக்கும் முறை வேறு. பழைய கருவிகள் பல பின்னதை ஏற்பதில்லை.

அட்டையின் முகப்பில் பெரிதாக அச்சிடப்படும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகமே. கருவிக்கு வேண்டுவதோ எழுதும் வேகம். 'சி' என்னும் ஆங்கில எழுத்தின் வளைவுக்குள் 10 என்றிருந்தால், நொடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் எழுதும் என்பது பொருள். 'வி30' எனில் 30 மெகாபைட். ஒளிப்படத்திற்கு முன்னது போதும்.

இவற்றினும் கொடியது போலி அட்டை. 8 ஜிகாபைட் மட்டுமே கொள்ளும் சில்லின் நிரலை மாற்றி, 64 ஜிகாபைட் என்று காட்டச் செய்கின்றனர். உள்ளிடம் நிறைந்த பின்னும் கருவி குறை சொல்லாமல் எழுதிக்கொண்டே இருக்கும். புதிய படங்கள் பழையவற்றை அழிக்கும் அல்லது எங்கும் பதியாமற் போகும். கைப்பேசிக்கு வாங்கும் அட்டையிலும் இவ்வேமாற்று உண்டு. ஆகவே புதிய அட்டையைக் கணினியில் முழுவதும் நிரப்பி, மீண்டும் படித்துச் சரிபார்த்தல் வேண்டும். அதன்பின் பயன்படுத்தப்போகும் கருவியிலேயே அட்டையை வடிவமைத்தல் நலம்.

எஸ்.டி. அட்டையின் பக்கவாட்டில் சிறு பூட்டுவிசை ஒன்றுண்டு. அது கீழே தள்ளப்பட்டிருப்பின் கருவி ஒரு படத்தையும் எழுதாது. காட்டிலிருந்து திரும்புமுன், கருவியின் எதிரே ஒருவர் நடந்துபார்த்து, படம் பதிந்ததா என்று அறிந்துகொள்ள ஒரு நிமிடமே ஆகும்.