மண்டிச் சிட்டையும் ஜெம் கிளிப்பும்

தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் பக்கமிருந்து பழனிக்கு நடக்கும் கூட்டம் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டித்தான் போகிறது. அந்த நேரத்தில் தோள்பையின் ஜிப்பில் இழுக்கிற நாக்கு உடைந்துபோனால், தையல்காரரைத் தேடி யார் திரும்பி நடப்பது? காய்கறி மண்டியில் சிட்டைகளைக் கோத்து வைக்கிற ஜெம் கிளிப் ஒன்று போதும். அதன் வெளிமுனையைச் சற்றே பிரித்து ரன்னரின் துளைக்குள் விட்டு, சாவி வளையத்தில் சாவியை ஏற்றுவதுபோல் சுற்றிக்கொண்டு போனால், விரலுக்குப் பிடி கிடைத்துவிடும். ஜிப் பழையபடி ஓடும். இதைக் கஞ்சத்தனம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். என் பார்வையில் இது ஒரு பொருளின் குணத்தைப் புரிந்துகொண்டு வேலை வாங்குவது. ஏறத்தாழ 1 மி.மீ. தடிமனுள்ள எஃகுக் கம்பி அது. கொஞ்சம் வளைத்து விட்டால் பழைய நிலைக்கே திரும்பும். தாளைக் கவ்விப் பிடிப்பது அந்த விறைப்பால்தான். எல்லை மீறி வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். கொக்கியாகவும் வளையமாகவும் மாறுவது இதனால்தான். வில்லியம் மிடில்புரூக் 1899-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது இந்தக் கம்பியை வளைக்கும் இயந்திரத்துக்கு. ‘ஜெம்’ வடிவக் கிளிப் அதற்கு முன்பே பிரிட்டனில் விற்பனையில் இருந்தது. அந்தப் பெயர்தான் இன்றும் நம் ஸ்டேஷனரிக் கடைகளில் புழங்குகிறது.

கொடைக்கானல் மலைப்பாதையில் நடப்பவர் இதே கிளிப்பால் ஈரத் துண்டைப் பைக்கு வெளியே மாட்டிக் காயவைக்கலாம், பிரித்த பிஸ்கட் பொட்டலத்தின் வாயை மடித்துக் கவ்வலாம். ஆனால் ஒரே இடத்தில் நாலைந்து முறை முன்னும் பின்னும் மடக்கிப் பாருங்கள்: கம்பி இறுகி, பட்டென்று ஒடியும். அதனால், ஒடிந்தால் துண்டு கீழே விழும் என்ற அளவில் நஷ்டம் நிற்கிற இடங்களுக்குத்தான் கிளிப் உகந்தது. ஹவாய்ச் செருப்பின் வார் அறுந்தால்கூட எனக்கு ஊக்குதான் மேல். ஊக்கின் வாய் மூடிக்கொள்ளும், கிளிப்பின் முனை காலைக் கிழிக்கும்.

இப்படிப் பழக்கினால் எதற்கும் ஒட்டுவேலை பார்க்கும் மனசு வந்துவிடும் என்ற ஆட்சேபம் வலுவானது. ‘ஆபத்துக்குப் பாவமில்லை’ என்று சொல்லிக்கொண்டு ஃபியூஸ் கட்டையில் கிளிப்பைச் சொருகுகிறவர்களை நினைத்தால் அதை மறுக்க முடியாது. மெல்லிய ஃபியூஸ் கம்பியின் கடமையே, மின்சாரம் அளவுக்கு மீறும்போது உருகி அறுந்துபோவது. இந்தத் தடித்த எஃகு நேரத்துக்கு உருகாது. சுவருக்குள் ஓடும் ஒயர் முதலில் சூடேறி, அதன் உறை கருகி, தீ அங்கிருந்துதான் கிளம்பும்.